படத்தில் விழாத பக்கம்

அருப்புக்கோட்டை,
பரிதாபி வருசம், ஆடி 24

தம்பி ஜோதிலிங்கத்துக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நேரே சேதிக்கு வருகிறேன். சௌடையாவை விட்டுவிட்டார்கள்.

நம் தாய்மாமன் மகன்தான் அவன். உன் அண்ணன் வெங்கடசாமியின் வயிற்றில் கத்தி இறக்கியவன், கோர்ட்டில் கைகட்டி நின்று, "தவறிப் பட்டுச்சு" என்று ஒரே ஒரு பேச்சுச் சொன்னான். வக்கீல் எப்படியெல்லாமோ குடைந்து கேட்டும் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அதுவே போதுமாம். நான் கூண்டில் ஏறி, அவன் கை கத்தியோடு போனதை என் கண்ணால் பார்த்தேன் என்று தொண்டை கிழியச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவன் தம்பி நாகலிங்கம் மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு நம் தெரு வழியாகத்தான் போனான். வேறு தெருவா இல்லை. நான் தறிக்குழியை விட்டு எழுந்து ஓடி, ரெண்டு கையாலும் மண்ணை வாரிச் சௌடையா முகத்தில் எறிந்தேன். மாலையில் விழுந்த மண்ணைக்கூட அவன் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். நாகலிங்கம்தான், "புருசனும் இல்ல, பொறந்தவனும் இல்ல, இன்னும் என்ன ஆட்டம்" என்றான். தெருவே கேட்டுக்கொண்டு நின்றது.

இன்னும் கேள். விஜயதசமி அன்று சௌடம்மனைக் கோயிலுக்கு அழைத்து வரும் சக்தி அழைப்புக்கு இந்த வருசமும் முதல் கத்தி சௌடையாவுக்குத்தான் என்று பெரியதனக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மன் கலசம் குளத்தங்கரையை விட்டு எழும்பாமல் நிற்கும்போது, இடுப்பில் கச்சை கட்டின வீரகுமாரர்களில் முதல் ஆளாக நெஞ்சில் கத்தி போட்டு ரத்தம் காட்டி, அம்மனை நடக்க வைத்தது நம் அய்யா. அவர் கண் மூடியதும் அந்த உரிமை மாமன் வீட்டுக்குப் போனது. அதைத் திருப்பிக் கேட்டுத்தான் வெங்கடசாமி மல்லுக்கு நின்றான். போன வருசம் அதே அழைப்பில் செத்தும் போனான். தாயார் சௌடம்மனுக்கு முன்னால் கத்தியை இன்னொருத்தன் மேல் திருப்பினால் அந்த வம்சமே கச்சை கட்டக்கூடாது என்று ஒரு குலக்கட்டு இருக்கிறதா இல்லையா என்று போய்க் கேட்டேன். "தவறிப் பட்டதுக்கு அந்தக் கட்டு இல்லம்மா" என்கிறார்கள்.

ஆகவே நீ வா. விஜயதசமிக்கு வந்து கச்சை கட்டு. அவனுக்குப் பக்கத்தில் நில். அன்றைக்கு எல்லார் கையிலும் கத்தி இருக்கும், எல்லார் மேலும் ரத்தம் இருக்கும். இறக்கிவிட்டு, அவன் சொன்ன அதே பேச்சை நீயும் சொல். அவனை விட்ட கோர்ட்டு உன்னையும் விடும்.

அக்கா,
பஞ்சம்மாள்

*

முத்தோரை, உதகமண்டலம்,
16-8-1972

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் எங்கள் தொலைநோக்கி இருக்கிறது. தொலைநோக்கி என்றதும் கண்ணை வைத்துப் பார்க்கும் குழாய் என்று நினைத்துக்கொள்ளாதே. சரிவு நெடுக இரும்புச் சட்டங்கள் நிறுத்தி, மேல்கோடியிலிருந்து கீழ்கோடி வரை மெல்லிய கம்பிகளைப் பாவு இழுத்தது போல் வரிசையாக இழுத்துக் கட்டியிருக்கிறோம். வேலைக்குச் சேர்ந்த அன்று அதைப் பார்த்து எனக்கு நம் தெரு ஞாபகம்தான் வந்தது. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலை அதில் விழும். உள்ளே ஒரு பேனா காகிதச் சுருளில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். அதைக் காவல் காப்பது என் வேலை.

என்ன தேடுகிறீர்கள் என்று நீ கேட்டதில்லை. இப்போது நானாகச் சொல்கிறேன். நம் சூரியனைப் போல் எண்ண முடியாதவை கூடிய கூட்டங்கள் வானத்தில் உண்டு. அவற்றில் சில அடங்கி இருப்பதில்லை. நடுவில் என்ன இருக்கிறதோ, இங்கே பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் உறுதியாகத் தெரியாது. அது குமுறி, கொதிக்கும் வாயுவைத் தாரையாகப் பீறி அடிக்கிறது. தாரை தன் கூட்டத்தையே கிழித்துக்கொண்டு வெளியே போகிறது. போய் மோதுகிற இடத்தில் பெரிய மேகமாகப் பொங்கி எரிகிறது. நாங்கள் கேட்பது அந்த எரிச்சலின் சத்தம். புறப்பட்ட காலத்தில் பூமியில் மனிதனே கிடையாது. இன்றைக்குத்தான் இங்கே வந்து விழுகிறது.

அப்படி ஒன்று மகர ராசிப் பக்கம் இருக்கிறது. பேர் கிடையாது, எண் மட்டும்தான். வெளிநாட்டில் பெரிய கண்ணாடி வைத்து எடுத்த அதன் படம் என் மேசையில் இருக்கிறது. நடுவில் ஒரு பொட்டு. அதிலிருந்து ஒரே ஒரு பக்கம், கீறல் மாதிரி ஒரு வெளிச்சம். இந்த இரண்டு மூன்று மாதம் நிலா மாதம் ஒரு தடவை அதை மறைத்துக்கொண்டு போகும். மறையும்போது பேனா கீழே விழும். எந்த இடத்திலிருந்து எவ்வளவு சத்தம் வருகிறது என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். பிறகு நிலா அந்த வழிக்கு வர வருசக்கணக்காகும்.

விஜயதசமி அன்று சாயங்காலம் மறைகிறது. நான் இங்கே இருக்க வேண்டும்.

இது சாக்கு என்று நீ சொல்வாய். பாதி சாக்குத்தான். கச்சை கட்டி நான் பதினைந்து வயதுக்கு மேல் நின்றதில்லை. அண்ணன் பிணத்தைத் தூக்கிய கை இன்னும் எனக்கு வசத்துக்கு வரவில்லை. இன்னொரு பிணத்தை அதே கையால் விழ வை என்கிறாய். என்னால் ஆகாது.

உன் தம்பி,
ஜோதிலிங்கம்

*

அருப்புக்கோட்டை,
ஆவணி 11

ஜோதிலிங்கம்,

உன் காயிதத்தைப் படித்தேன். மனுசன் பிறக்கும் முன்னே கிளம்பின சத்தம் உனக்குக் கேட்கிறது. போன விஜயதசமி அன்று உன் அண்ணன் போட்ட சத்தம் கேட்கவில்லை.

அதை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். வீரகுமாரர்கள் ரெண்டு வரிசையாக வந்தார்கள். பெண்டுகள் நாங்கள் கரைப்பக்கம் இடது கை ஓரத்தில் நின்றோம். "தீசுக்கோ தாயே, தீசுக்கோ" என்று நம் வீட்டுப் பேச்சில், ஏற்றுக்கொள் தாயே என்று, எல்லாரும் கூவுகிறார்கள். கத்தி நெஞ்சில் விழுகிற சத்தம் ஈரத் துணி துவைப்பது போலக் கேட்கிறது. வெங்கடசாமி முதுகும் தோளும் எனக்குத் தெரிகிறது. அவனுக்கு அந்தண்டை சௌடையா. சௌடையாவின் கை மேலே போனது, குறுக்கே வந்தது, இறங்கியது. நான் பார்த்தது இது. வெங்கடசாமி திரும்பி என்னைத் தேடினான். கச்சையை ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல் சந்தெல்லாம் அவன் குடல் தெரிந்தது. "அக்கா, கட்டி விடு" என்றான். கச்சை அவிழ்ந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ. நான் கட்டி விட்டேன். முடிச்சுப் போட்டு முடிக்கும் முன்னே அவன் கால் மடங்கிவிட்டது.

அந்தக் கச்சையைத் துவைக்கவில்லை. இத்துடன் தபால் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார். அப்புறம் உன் பேனா விழுகிறதா எழும்புகிறதா என்று எனக்கு எழுது.

நீ வராவிட்டால் நம் அய்யா வம்சத்தில் ஆண்பிள்ளை இல்லை என்று நானே தெருவில் சொல்லிவிடுகிறேன். நாகலிங்கம் சொல்லுவதை நான் சொன்னால் என்ன.

பஞ்சம்மாள்

*

முத்தோரை,
22-9-1972

அக்கா,

பார்சல் வந்தது. சாப்பாட்டு அறையில் வைத்துக் கொடுத்தார்கள். ஊரிலிருந்து முறுக்கோ சீடையோ என்று கூட வேலை பார்ப்பவர்கள் சுற்றி நிற்க, நான் யோசனை இல்லாமல் பிரித்துவிட்டேன். காய்ந்த ரத்தம் பொரிந்து சாப்பாட்டு மேசையில் உதிர்ந்தது. ஒருவன் பின்வாங்கி, "உங்க ஊர்ல கத்திய வச்சுக்கிட்டு ஆடுவாங்களாமே, இது அந்த டிரஸ்ஸா" என்று சிரித்தான். என் கையில் எவர்சில்வர் தட்டு இருந்தது. அவன் புருவத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. என்னை வேலையை விட்டு அனுப்பாதது அவனுடைய பெருந்தன்மை. மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அடித்த நொடியில் எனக்கு ஒரு சுகம் இருந்தது அக்கா. அது யாருடைய சுகம் என்று தெரியவில்லை. நம் வீட்டில் சோற்றுக்கு முன்னாலும் முதல் கத்திப் பேச்சு, சோற்றுக்குப் பின்னாலும் முதல் கத்திப் பேச்சு. அதைத் தின்று வளர்ந்த உடம்புதானே இது.

நீ கேட்டபடியே எழுதுகிறேன். முந்தாநாள் நிலா அதை மறைத்தது. பேனா ஒரு தடவை விழுந்தது. முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை விழுந்தது, முதல் தடவையைவிடப் பெரிதாக. அளந்து படத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். முதலில் மறைந்தது படத்தில் கீறல் தெரிகிற பக்கம். இரண்டாவது, நடுப்பொட்டுக்கு நேர் எதிர்ப் பக்கம். படத்தில் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. சத்தம் அங்கிருந்துதான் அதிகம் வருகிறது. தாரை இரண்டு பக்கமும் போயிருக்கிறது, வெளிச்சம் ஒரு பக்கத்தைத்தான் காட்டிக்கொடுத்தது என்றார் எங்கள் சார்.

அன்று முழுக்க எனக்கு உன் கடிதம்தான் மனதில் ஓடியது. நீ இடது ஓரத்தில் நின்றாய். அண்ணன் முதுகைப் பார்த்தாய், அண்ணன் கையைப் பார்க்கவில்லை. எதிர்ப் பக்கத்தில் நின்று பார்த்தது யார்? கோர்ட்டில் சாட்சி சொன்னவர்கள் எல்லாரும் கரைப்பக்கம் நின்றவர்கள்தானே. சௌடையா மச்சான் அந்த ஒரு பேச்சுக்கு மேல் ஏன் வாய் திறக்கவில்லை? பொய் சொல்ல நினைப்பவன் அவ்வளவு சிக்கனமாகச் சொல்ல மாட்டான்.

கோபப்படாதே. கேட்டுப் பார்.

ஜோதிலிங்கம்

*

அருப்புக்கோட்டை,
புரட்டாசி 18

ஜோதிலிங்கம்,

உன் மச்சானுக்காக நீ வக்கீல் பேசினது போதும். நேற்று நடந்ததைக் கேள்.

நான் தினமும் அவர்கள் வாசலில் நின்று ஏசிப் பேசுகிறவள்தான், மறைக்கவில்லை. நேற்றும் பேசிவிட்டு வந்து பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். நாகலிங்கம் வீட்டுக்குள் ஏறி வந்தான். குடித்திருந்தான். தறியில் கிடந்த பாவு நூலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அரிவாளால் இழுத்துவிட்டான். அத்தனை இழையும் சுருண்டு குழிக்குள் விழுந்தது. நெசவாளி வீட்டில் பாவை அறுப்பதும் பிள்ளையை அறுப்பதும் ஒன்று, அது அவனுக்கும் தெரியும், அவனும் நெசவாளிதான். நான் கொதிக்கிற கஞ்சியைப் பானையோடு தூக்கி அவன் காலில் ஊற்றினேன். தோல் வெந்து உரிந்து தொங்கியது. ஊளையிட்டுக்கொண்டே அரிவாள் பிடியால் என் வாயில் அடித்தான். முன்பல் ரெண்டும் போய்விட்டது. கீழே விழுந்த பிறகும் மிதித்தான்.

சௌடையா ஓடி வந்து தம்பியைத் தறிக்கட்டையால் அடித்து இழுத்துக்கொண்டு போனான். நாடகம். ஊர் பார்க்க ஒரு நாடகம்.

எதிர்ப் பக்கம் நின்றது யார் என்று கேட்டாயே. யாரும் இல்லை. மேளக்காரன் மொக்கையன் ஒருத்தன்தான் வரிசைக்கு முன்னால் பின்னுக்கு நடந்தபடி அடித்துக்கொண்டு போவான். அவனைப் போய்க் கேட்கவா. கேட்கிறேன். கேட்டு, ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, நீ எந்தக் கல்லுக்குள் ஒளிவாய் என்று பார்க்கிறேன்.

பேச்சு வாயில் நிற்காமல் காற்றாகப் போகிறது. எழுத்துக்குப் பல் தேவையில்லை, அதனால் எழுதினேன்.

பஞ்சம்மாள்

*

முத்தோரை,
12-10-1972

அக்கா,

வாரேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து சுருளில் ஓடும் கோடு எனக்குக் கோடாகத் தெரியவில்லை. உன் பல், உன் பாவு. இதற்கு மேலும் எதிர்ப் பக்கம், இந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டிருந்தால் நான் மனிதனில்லை. விஜயதசமிப் பதிவை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரமாட்டேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டால் குளத்தங்கரை வரை பொறுக்க மாட்டேன், தெருவிலேயே முடித்துவிடுவேன். நேரே குளத்துக்கு வந்து குளித்துக் கச்சை கட்டுகிறேன். கத்தியை வழியில் மதுரையில் சாணை பிடித்துக்கொள்கிறேன். அண்ணன் கச்சைதான். கிழிசலைத் தைக்கவில்லை.

நீ கூட்டத்துக்கு வர வேண்டாம். வீட்டிலேயே இரு.

ஜோதிலிங்கம்

*

அருப்புக்கோட்டை,
புரட்டாசி 27

தம்பி ஜோதிலிங்கத்துக்கு,

முந்தின காயிதத்தைக் கிழித்துப் போடு. இதை நிதானமாகப் படி.

திருச்சுழிப் பக்கம் பஸ்ஸில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் விசாரித்துக்கொண்டே போய் மொக்கையனைப் பிடித்தேன். மழைக்கு முந்தி பருத்தி விதைக்க உழுதுகொண்டிருந்தான். என் வாயைப் பார்த்து ஏரை நிறுத்திவிட்டான்.

"போன வருசம் எங்க தம்பி விழுந்தப்ப நீ முன்னால இருந்தேல்ல. என்ன பாத்தே, அதச் சொல்லு" என்றேன்.

"ஒரு வருசமா கேப்பாக கேப்பாகன்னு இருந்தேன் தாயி. பொறவு கேக்கமாட்டாகன்னு மாட்டப் பத்திக்கிட்டுப் போயிட்டேன்."

"கோர்ட்டுல வந்து சொல்லியிருக்கலாமே."

"யாரு கூப்பிட்டா. வந்த ஏட்டய்யா, ஏலே தள்ளி நில்லுன்னாரு. மேளம் அடிக்கிறவனுக்குக் கண்ணும் இருக்கும்னு அவருக்குத் தோணல. உங்களுக்கும் இன்னைக்குத்தான் தோணியிருக்கு."

அவனே சொன்னான்.

"நான் பின்னுக்கு நடக்கிறவன் தாயி. நீங்க முதுகப் பாப்பீக, நான் மூஞ்சியப் பாப்பேன். ஒங்க தம்பி கத்தி மொத வீச்சு நெஞ்சுல விழுந்துச்சு. ரெண்டாவது வீச்சு நெஞ்சுக்குப் போகல. பக்கத்துல மச்சான் கழுத்துக்குப் போச்சு. பட்டுச்சு, ரத்தம் பீச்சுச்சு. மச்சான்காரரு கண்ண மூடி தீசுக்கோன்னு கத்திக்கிட்டிருந்தவரு, சுள்ளுனு பட்டதும் கைய வீசுனாரு. கையில கத்தி இருந்துச்சு. அவ்வளவுதான்."

"பொய் சொல்லாத."

"பொய் சொன்னா எனக்கு ஒரு படி வரகு குடுப்பீகளா. கழுத்துல வடு இருக்கும். துண்ட எடுக்கச் சொல்லிப் பாருங்க."

நான் அந்த உழவுக் காட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் சுரைக்குடுக்கைத் தண்ணீர் கொடுத்தான். ஒன்று கேட்டேன், அவன் கழுத்தில் ரத்தத்தோடு நின்றும் யாரும் ஏன் பார்க்கவில்லை என்று. "அன்னைக்கு ரத்தமில்லாத ஆளு யாரு தாயி" என்றான்.

ஜோதி, யோசித்துப் பார். சௌடையா கோர்ட்டில், "அவன்தான் மொதல்ல வெட்டுனான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வெளியே வந்திருப்பான். பத்து மாசம் சிறையில் கிடந்திருக்க வேண்டாம். ஆனால் அதைச் சொன்னால், தாயாருக்கு முன்னால் கத்தியைத் திருப்பினது வெங்கடசாமி என்று ஆகும். கட்டுப்படி நம் வம்சத்துக்குக் கச்சை கிடையாது. உனக்கு, உனக்குப் பிறக்கிறவனுக்கு, யாருக்கும். அதற்காக வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறான். நான் அவன் முகத்தில் மண்ணை எறிந்தேன்.

நீ வராதே. உன் நிலாவைப் பார். நான் வெங்கடசாமிக்காக இன்னொரு தடவை அழ வேண்டியிருக்கிறது. இந்தத் தடவை வேறு மாதிரி.

அக்கா,
பஞ்சம்மாள்

*

முத்தோரை,
20-10-1972

அக்கா,

உன் கடிதம் என் அறைக் கதவுக்கடியில் கிடந்தது. நான் கிளம்பின மறுநாள் வந்திருக்கிறது. பக்கத்தில் நீ அடித்த தந்தி. "வராதே" என்று இருக்கிறது. ரத்தக் கறை போகாத கையால் இரண்டையும் பிரித்துப் படித்தேன்.

உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. கேட்கிறேன்.

என் பக்கத்திலிருந்து நடந்ததைச் சொல்கிறேன், நீ எதைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாததால். நான் குளத்தில் இறங்கி எழுந்து கச்சை கட்டியதும் பெரியதனக்காரர்கள் மகிழ்ந்துபோனார்கள். மேளம் ஏறியது. மச்சான் முன்னால் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். என் இடுப்பில் கட்டியிருந்த கிழிசலையும் பார்த்தார். பிறகு ஓர் அடி ஒதுங்கி, "முன்னால வா மாப்பிள்ளை, இன்னைக்கு நீ போடு" என்றார். முதல் கத்தியை எனக்கு விட்டுக்கொடுக்கிறார். பயந்துவிட்டான் என்றுதான் எனக்குப் பட்டது. அந்த நினைப்பு என்னை இன்னும் வெறியாக்கியது. நெஞ்சில் ஒன்று போட்டேன், வலிக்கவில்லை. தீசுக்கோ என்று கத்தினேன். அடுத்ததை அவர் வயிற்றுக்கு ஓங்கினேன்.

கத்தி பாதியில் நின்றது. யாரோ அலகைப் பிடித்துவிட்டார்கள். நான் இழுத்தேன். பிடி விடவில்லை. முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்தேன். வெட்டுப்பட்டு வழுக்கிக்கொண்டு வந்த பிறகுதான், பிடித்தது ஒரு பெண் கை என்று தெரிந்தது. அப்புறம்தான் உன் முகம். பல் இல்லாத வாயைத் திறந்து நீ ஏதோ சொன்னாய். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. தரையில் உன் விரல் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஓடினேன்.

நெஞ்சும் வேட்டியும் ரத்தமாக மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சக்தி அழைப்புக்குக் கத்தி போட்டவன் என்று ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார். கும்பிட்டார் அக்கா.

எதிர்ப் பக்கம் யார் நின்றது என்று கேட்டவன் நான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதவனும் நான். அன்றைய பதிவுச் சுருளைச் சுற்றி என் மேசையில் வைத்திருக்கிறார்கள். பிரிக்கவில்லை. எங்கள் சார் ஏன் என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

போலீஸ் தேடுகிறதா. நம் வம்சத்துக்குக் கச்சை உரிமை போய்விட்டதா. மச்சான் என்ன சொன்னார். நான் நேரே வந்து நிற்கவா, வேண்டாமா. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

ஜோதிலிங்கம்

*

அருப்புக்கோட்டை,
ஐப்பசி 20

தம்பி ஜோதிலிங்கத்துக்கு,

இது இடது கை எழுத்து. கோழி கிளறினது போல் இருக்கும். பொறுத்துப் படி.

வலது கையில் ரெண்டு விரல் போனது. மூன்றாவது மடங்காது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தறியில் நாடாவை ஓட்டக் கயிறு இழுக்கிற கை. தறிக்கு இனி ஆள் வைக்கத்தான் வேண்டும். அழாதே, பிடித்தது நான். நீ வீட்டுக்கு வரமாட்டேன் என்று எழுதின காயிதம் முந்தின நாள்தான் கைக்கு வந்தது. அதனால் விடியக் காலையிலிருந்து குளத்தங்கரையில் உன்னைத் தேடினேன். கச்சை கட்டினவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தீர்கள். மேளம் ஏறின பிறகுதான் வெங்கடசாமி கிழிசலைக் கண்டேன். வரிசைக்குள் பெண்டுகள் காலை வைக்கக்கூடாது. வைத்துவிட்டேன்.

போலீஸ் வரவில்லை. கச்சையும் போகவில்லை. இதைக் கேள்.

நான் கீழே விழுந்ததும் மேளம் நின்றது. கலசத்தை இறக்கிவிட்டார்கள். பெரியதனக்காரர்கள், "யாரு கத்திய யாரு மேல திருப்புனது, தாயாருக்கு முன்னால சொல்லுங்க" என்று கேட்டார்கள். சௌடையாதான் முன்னால் வந்து நின்றான். அவன் வேட்டியெல்லாம் என் ரத்தம்.

"யாரும் திருப்பல. மாப்பிள்ளை கத்தி அவரு நெஞ்சுக்குத்தான் போச்சு. மதினி மேல அம்மன் எறங்கிட்டா. அவளாத்தான் வந்து கத்தியப் புடிச்சா" என்றான்.

"நீ பாத்தியா" என்றார்கள்.

"பக்கத்துல நின்னவன் நான். எனக்குத் தெரியாதா."

எல்லாரும் என்னைக் கும்பிட்டு, குலவை போட்டு, வேப்பிலை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மொக்கையன் மட்டும் மேளத்தைத் தோளில் போட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சௌடையா ஆஸ்பத்திரிக்கு வந்தான். வாசலில் நின்றான். துண்டை எடு என்றேன். யோசித்தான், பிறகு எடுத்தான். காதுக்குக் கீழே இருந்து தொண்டை வரை இருக்கிறது. இன்னும் ஒரு நூல் ஆழம் போயிருந்தால் அவனைத்தான் அன்றைக்குத் தூக்கியிருப்பார்கள்.

"ஏன்டா சொல்லல" என்றேன்.

"செத்தவன் மேல என்னத்தச் சொல்ல மதினி. அவன எனக்கும் சின்னப் பிள்ளையில இருந்து தெரியும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நாகலிங்கத்தை ராமநாதபுரத்துக்கு மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டானாம். வெந்த கால் இன்னும் ஆறவில்லையாம். அதற்கு நான் ஒன்றும் வருத்தப்படவில்லை.

அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. செத்தது என் தம்பி, கை தவறினாலும் அவன் கைதான். ஆனால் அவன் வாசலில் நின்று பேசுவதை விட்டுவிட்டேன். இனி முதல் கத்தி அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பெரியதனக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அம்மன் இறங்கின பெண்பிள்ளை சொன்னதால் மறுபேச்சு இல்லை.

நீ நேரே வர வேண்டாம். ஊர் உன்னை நெஞ்சில் கத்தி போட்டவனாக நினைத்துக்கொண்டிருக்கிறது. வந்தால் உன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சுருளைப் பிரித்துப் பார். உன் வேலை அது.

ஆனால் சௌடையாவுக்கு ஒரு காயிதம் எழுத வேண்டும். எனக்கு எழுதி அவனிடம் சொல்லச் சொல்லாதே, அவன் பேருக்கு, அவன் வீட்டு விலாசத்துக்கே போடு. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தபால்காரர் கொடுத்ததும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவான், இல்லை என்றால் நான் அங்கே போக வேண்டும். அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, பல் இல்லாத இந்த வாயால் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அதனால் பெரிய பெரிய வார்த்தை போடாதே. வானத்தைப் பற்றி எழுதாதே. நான் பாதியில் நிறுத்தாமல் படித்து முடிக்கிற மாதிரி எழுது.

அக்கா,
பஞ்சம்மாள்